நடுவழியில் நின்றது: எத்தனை முறை?

அந்தச் சின்னக் காரை வைத்திருந்தவர்கள் அந்த ஊரில் பதினான்கு பேர். உருவத்தில்தான் சின்னது. பெரிய பெரிய கார்கள் செய்யும் கம்பெனியின் கடைக்குட்டி அது. தோல் இருக்கைகள். கதவைச் சாத்தினால் மெத்தையில் தலையணை விழுந்ததுபோல் ஒரு சத்தம். குறுகலான சந்துக்குள்ளும் நுழைந்து, அலட்டிக்கொள்ளாமல் திரும்பிவிடும். வாங்கியவர்கள் எல்லாரும் பல நாள் யோசித்து, வேறு சில ஆசைகளைத் தள்ளிவைத்துவிட்டு வாங்கியவர்கள். அதனால் வண்டியைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால், பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல் அவர்களுக்கு முகம் சுண்டிப்போகும்.

பதினான்கு பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பெட்ரோல் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள கழுவும் கொட்டகையில் கூடுவார்கள். பானட்டைத் திறந்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் குழாயால் இன்ஜின் வரைக்கும் கழுவுவார்கள். "மூஞ்சிய மட்டும் கழுவிட்டு வயித்த அழுக்கா வெச்சிருந்தா அது ஒரு குளியலா?" என்பார் கணக்கு டீச்சர். குழுவில் கழுவாத ஆள் ஒருவர்தான். அவர் கால்நடை மருத்துவர். எந்நேரமும் அவர் வண்டியில் ஒரு நாயாவது இருக்கும். பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் 'என்னைக் குளிப்பாட்டு' என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தின் மேலும் தூசி படிந்துவிட்டது. குழுவில் அவருக்கு வைத்த பெயர் 'புழுதி'. அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் குழு ஒரு பட்டியல் வெளியிடும். யார் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன பாகம் மாற்றினார்கள், எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'நடுவழியில் நின்றது: எத்தனை முறை?' புதிதாக அந்தக் காரை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

பட்டியலைத் தொகுப்பவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவர். மயிரிழை அளவு பிசகினாலும் சட்டத்தைக் கழற்றி மறுபடி செய்வார். தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் வாசலில் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பார். "இன்னிக்கு என் கையால யார் கண்ணும் கெடாம பாத்துக்கோ, கடவுளே" என்பதுதான் அவருடைய பிரார்த்தனை முழுவதும். அப்படிப்பட்டவர் போடும் பட்டியல் என்பதால் ஊரில் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

அந்த ஆண்டுப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில், மேலிருந்து கீழே, பதினான்கு பூஜ்யங்கள் இருந்தன.

ஒரு வியாழக்கிழமை காலை, மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் அந்தப் பட்டியலை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன் கண்ணாடி மாற்ற வந்தவளிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்ததே அவர்தான். அதைப் பார்த்துத்தான் அவளும் அதே காரை, ஒருவர் ஓட்டிய பழைய வண்டியாக, வாங்கினாள். குழுவில் பதினைந்தாவது ஆள்.

"வாம்மா. கண்ணாடி உறுத்துதா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு அண்ணே. வண்டிதான் உறுத்துது."

அவர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார்.

"நாலு தடவை நின்னுடுச்சு. ஓடிக்கிட்டே இருக்கும், விளக்கெல்லாம் ஒரு தடவை எரிஞ்சு அணையும், அவ்வளவுதான். நடு ரோட்டுல நிக்கும். கால் மணி நேரம் கழிச்சு சாவியப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது. அவர்கள் வீட்டுச் சந்துக்குள் பெரிய வண்டி வராது. பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது. வாடகை வண்டி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. குலுங்காத, தாழ்வான இருக்கையுள்ள, சந்துக்குள் நுழையக்கூடிய கார் என்று தேடித்தேடித்தான் இதைக் கண்டுபிடித்தாள்.

"போன வாரம் பாலத்து மேல நின்னுடுச்சு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவரு இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. மறுநாள் வரைக்கும் மூச்சுத் திணறலோட இருந்தாரு." அவள் பட்டியலைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். "கம்பெனி சர்வீஸ்ல போய்ச் சொன்னேன். அவங்க இந்தத் தாளையே எடுத்து என்கிட்ட நீட்டுறாங்க அண்ணே. 'உங்க ஆளுங்க லிஸ்ட்டே சொல்லுதே, இந்த மாடல்ல இப்படி ஒரு புகாரே கிடையாது, நீங்க ஓட்டுற விதத்தைப் பாருங்க'ன்னு."

"நீ நல்லாத்தானேம்மா ஓட்டுவே."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப சாவியத் தொட்டாலே கை நடுங்குது. எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு, 'உனக்கு வண்டி பயப்படுதா, வண்டிக்கு நீ பயப்படறியா'ன்னு." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரி பக்கத்துலயே நோயாளிங்க தங்குற விடுதி இருக்கு. ஒரு ரூம் காலியா இருக்காம். திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். சொல்லிட்டா அவரு அங்க, நான் இங்க. அவருக்கு அது பிடிக்காது. எனக்கும்தான். ஆனா மறுபடி ஒரு தடவை பாலத்து மேல நிக்க என்னால முடியாது. அதுக்குத்தான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க வண்டி ஒரு தடவைகூட நின்னதே இல்லையா அண்ணே?"

கண்ணாடிக்காரர் லென்ஸை மறுபடி கையில் எடுத்தார். "பாக்கலாம்மா. மத்தவங்களையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு மேசையில் மனைவி அவரைப் பார்த்தாள். "என்னங்க, தட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"நம்ம வண்டி மூணு தடவை நின்னுச்சே" என்றாள் அவள். "ரெண்டாவது தடவை நான்தானே இறங்கித் தள்ளினேன். புதுச் செருப்பு பிஞ்சு போச்சு."

"அதை நின்னதுன்னு சொல்ல முடியாது. பத்து நிமிஷத்துல அதுவா ஓட ஆரம்பிச்சுடுச்சு."

"ஓஹோ. நிக்கல, மூச்சு வாங்கிச்சு. அப்ப 'மூச்சு வாங்கியது: மூன்று முறை'ன்னு ஒரு கட்டம் சேர்த்திருக்கலாமே."

"எல்லாருமே பூஜ்யம்தான் போட்டாங்க."

"லிஸ்ட்டுல முதல் வரி யாருது?"

"என்னுது."

"அதைப் பாத்துட்டுத்தான் மத்தவங்க போட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குச் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

உண்மையில் முதல் ஆண்டு அப்படி இல்லை. அப்போது ரொட்டிக்கடைக்காரர் அந்தக் கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதியிருந்தார். கொட்டகையில் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "பெட்ரோல் போட மறந்துட்டியா?", "மாவுக் கையோட சாவியத் தொட்டிருப்பே" என்று அன்று முழுக்கக் கேலி. கண்ணாடிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த ஆண்டு ரொட்டிக்கடைக்காரர் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த ஆண்டு, தன் வண்டி மூன்று முறை நின்ற பிறகும், கண்ணாடிக்காரரின் பேனாவும் தயங்காமல் ஒரு வட்டம் போட்டது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பிடித்த பொருளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்ன வட்டம் போகாத இடமெல்லாம் போய், கடைசியில் ஒரு பெண்ணின் கையை நடுங்க வைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் ஷட்டர் முன் நின்று கண்மூடினார். "இன்னிக்கு என் கையால..." என்று தொடங்கியவர் அதோடு நின்றுவிட்டார். கண்ணைத் திறந்தார். பூட்டைத் திறக்காமல், கடைக் கதவில் 'பிற்பகல் வருவேன்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு மருந்துக்கடைக்கு நடந்தார். அவள் கணவரை டயாலிசிஸ் முடித்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவதற்குப் பகல் பன்னிரண்டு மணி ஆகும். வாசலில் காத்திருந்தார்.

அவள் வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டதும், இருமல் மருந்து கேட்டு நின்ற இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார். தன் முறை வந்ததும் மருந்துச்சீட்டைப்போல ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் மூன்று தேதிகள் இருந்தன.

"என் வண்டி நின்ன தேதிங்கம்மா. கண் பரிசோதனைக்கு வர்றவங்களை அன்னிக்கெல்லாம் வேற நேரத்துக்கு மாத்தியிருக்கேன், அந்த நோட்டுல பாத்து எடுத்தேன். லிஸ்ட்டுல நான் போட்டது பொய். உன் மேல தப்பே இல்ல."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண் கலங்கியது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

"நாலு மாசமா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கேன் அண்ணே."

"தெரியும்மா."

"தெரியாது உங்களுக்கு. நேத்து காலையிலகூட உங்களுக்குத் தெரியும், சொல்லல." பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவள் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாருங்க?" என்றாள்.

அவர் தலைகுனிந்து வெளியே வந்தார். அவள் கோபித்தது நியாயம் என்று தோன்றியது. ஆனாலும் முந்தைய நாளைவிட நெஞ்சு லேசாக இருந்தது. கடை வாசலில் நின்றபடியே கைபேசியை எடுத்துக் குழுவில் எழுதினார்: 'பட்டியலில் என் வண்டிக்குப் பூஜ்யம் என்று போட்டது உண்மையல்ல. மூன்று முறை நின்றது. தேதிகள் கீழே. நம் பட்டியலை நம்பிக் கார் வாங்கியவர், நடுவழியில் நின்று கணவரின் சிகிச்சையைத் தவறவிட்டிருக்கிறார். வேறு யாருக்காவது நின்றிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். கேலி செய்ய மாட்டோம். முன்பு செய்ததற்கு ரொட்டிக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

அரை மணி நேரத்துக்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. கடைசியில் கணக்கு டீச்சரின் குரல் பதிவு வந்தது: "எனக்கு ரெண்டு. பசங்க பேப்பர்ல ஒரு மார்க்கு மாத்திப் போட்டாலே அன்னிக்கெல்லாம் சோறு இறங்காது எனக்கு. இதுல ரெண்டை முழுங்கிட்டுச் சும்மா இருந்திருக்கேன்."

அதன் பிறகு மடை திறந்துகொண்டது. ரொட்டிக்கடைக்காரர் எழுதினார்: 'எனக்கு மொத்தம் நாலு. அதுல ஒண்ணு மூணு அடுக்குக் கேக்கோட. போய்ச் சேரும்போது ரெண்டு அடுக்குதான்.' மாலைக்குள் பதினொரு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று முறை. மீதி மூவரில் ஒருவருடையது, பட்டியல் வெளியாவதற்குச் சற்று முன்தான் வாங்கிய புத்தம்புது வண்டி. இன்னொருவர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய கார் உறை போட்டபடி கிடந்தது. மூன்றாமவர் புழுதி. 'எனக்கு நிஜமாவே பூஜ்யம்தாங்க. ஆறு வருஷமா. நம்பலைன்னாலும் பரவாயில்ல' என்று எழுதியிருந்தார். யாரும் நம்பவில்லை.

சனிக்கிழமை காலை மருந்துக்கடைப் பெண்ணிடமிருந்து கண்ணாடிக்காரருக்கு ஒரே ஒரு வரி வந்தது: 'அண்ணே, அந்தத் தேதியெல்லாம் என் மெக்கானிக் கேக்கறாரு.'

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தது. கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள், ஆனால் யாரும் குழாயைத் தொடவில்லை. மருந்துக்கடைப் பெண் வண்டியை ஓட்டிவந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவர். துறைமுகத்தில் உயரமான கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். உடம்பு இளைத்திருந்தாலும் குரல் இளைக்கவில்லை. "இத்தனை வண்டி ஒரே மாதிரி நிக்குதே, இதுல நம்மளது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நின்னுபோனா நம்மளதா?" என்றார் இறங்கிக்கொண்டே. பதற்றத்தோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மெக்கானிக் ஒல்லியான மனிதர். பானட்டைத் திறப்பதற்கு முன் கேள்வி கேட்பது அவர் வழக்கம். ஒரு காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, கைபேசியில் வந்த தேதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டிருந்தார். சுழித்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், உங்க மூணும் திங்கட்கிழமை. டீச்சரோட ரெண்டும் திங்கட்கிழமை. கேக்கு விழுந்ததும் திங்கட்கிழமை. இருபத்து மூணுல இருபது திங்கள், மூணு செவ்வாய். அதுவும் மாசத்துல முதல் வாரம் மட்டும். உங்க வண்டிங்களுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கலையா?"

"எங்களுது புதன்கிழமைதான் நிக்கும்" என்றாள் மருந்துக்கடைப் பெண். "நாலும் புதன்."

"அதான் இடிக்குது." மெக்கானிக் எழுந்து, ஓரத்தில் நின்றிருந்த அழுக்கு வண்டியிடம் போனார். முன் இருக்கையில் ஒரு நாய் உட்கார்ந்து அவரையே பார்த்தது. "புழுதி சார், உங்களுக்கு நின்னதே இல்லையா?"

"இல்லைங்க."

"கடைசியா எப்ப கழுவினீங்க?"

"அது..." புழுதி தாடையைத் தடவினார். "வாங்கும்போது அவங்க கழுவித்தான் குடுத்தாங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அப்படியே நின்று, கழுவும் குழாயைப் பார்த்தார், பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"நீங்கள்லாம் ஞாயித்துக்கிழமை கழுவறீங்க. திங்கட்கிழமை நிக்குது." மருந்துக்கடைப் பெண்ணிடம் திரும்பினார். "உங்க வண்டிய எப்ப கழுவறீங்கம்மா?"

"நான் கழுவறதில்லையே" என்று தொடங்கியவள், பேச்சை நிறுத்திக் கணவரைப் பார்த்தாள்.

"நான்தான் கழுவறேன்" என்றார் அவர். "செவ்வாய்க்கிழமை. அவ வேலைக்குப் போன பிறகு. அந்த ஒரு நாள்தான் கொஞ்சம் தெம்பா இருக்கும். அவளுக்கு வேற என்ன செய்ய முடியுது என்னால? பானட்டைத் திறந்து உள்ள வரைக்கும் பளபளன்னு வெச்சிருப்பேன். அதுக்கு ஒரு தாள் குடுத்தீங்களே, 'பராமரிப்புக் குறிப்பு'ன்னு. அதுல இருக்கற மாதிரியேதான்."

அந்தத் தாளை எழுதியதும் கண்ணாடிக்காரர்தான். 'கழுவும்போதெல்லாம் இன்ஜின் பகுதியையும் நீரால் தூய்மை செய்க' என்ற வரி அவருக்கு எழுத்து மாறாமல் நினைவிருந்தது.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டார். பூவாளி ஒன்றில் தண்ணீர் மொண்டுவந்து, பானட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே கம்பிகளெல்லாம் ஒன்றுசேரும் கறுப்புப் பிளக்கின் மேல் மெல்ல ஊற்றினார். அத்தனை தலைகளும் குனிந்து பார்த்தன. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ரொட்டிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மெக்கானிக் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். விளக்கெல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தது. வண்டி நின்றது.

"நின்னுடுச்சு!" என்று மருந்துக்கடைப் பெண் கத்தினாள். கொட்டகையே கைதட்டியது. டீச்சர் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரரின் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாய் குரைத்தது. பெட்ரோல் போட வந்த ஒருவர், பழுதாகி நின்ற காரைச் சுற்றி இத்தனை பேர் குதிப்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருந்தது, மோதிரம் அளவுக்கு. நாளாகி இறுகிச் சுருங்கியிருந்தது. "இது வழியாத்தான் தண்ணி உள்ள போகுது. ராத்திரி முழுக்க ஊறி, காலையில ஓடும்போது மூச்சை நிறுத்துது. இன்ஜின் சூட்டுல கால் மணி நேரத்துல காஞ்சுடும். காஞ்சதும் சாட்சியும் போயிடும். அப்புறம் நாங்க எங்க போய்த் தேடறது? காத்து நல்லா அடிச்சுக் காஞ்ச வாரத்துல தப்பிச்சிருப்பீங்க."

"மழையில நான் எத்தனையோ தடவை போயிருக்கேனே?" என்றார் புழுதி.

"மழை பானட்டைத் திறந்துட்டா பெய்யுது சார்?"

ஆறு வருடம் கேலி பேசிய அத்தனை பேரும் புழுதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒருவர் மட்டும் ஒதுங்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முதலில் பார்த்தது கண்ணாடிக்காரர்தான். கிரேன் ஓட்டியவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆகாயத்துல உக்காந்து கப்பல் சரக்கையே பூ மாதிரி இறக்கி வெச்சவன் நான்" என்றார் அவர் மெதுவாக. "ஒரு வாளித் தண்ணியில பொண்டாட்டிய பாலத்து மேல நிக்க வெச்சுட்டேன்."

கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தத் தாளை எழுதினவன் நான். நின்னதை மறைச்சவனும் நான். லிஸ்ட்டுல உண்மையைப் போட்டிருந்தா இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க பாசமா செஞ்சது. அதுல எந்தத் தப்பும் இல்ல."

அப்போது மெக்கானிக் வந்தார். உள்ளங்கையில் புதிய ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. "இதைத் திருகாம, மடங்காம சரியா உக்கார வைக்கணும். என் விரல் தடி. கிரேன் பிடிச்ச கைன்னு சொன்னாங்க. நீங்க வெக்கறீங்களா?"

அவர் நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். எழுந்து வந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த இடது கையை ஓரமாக வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் வளையத்தை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் பொருத்தினார். மெக்கானிக் அதன்மேல் கிரீஸ் தடவி, பிளக்கை அழுத்தி மூடினார். அடுத்து பூவாளி முழுக்கத் தண்ணீர். இன்ஜின் ஓடியது. இன்னொரு பூவாளி. ஓடியது. கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். இன்ஜின் நிற்கவே இல்லை.

"இனிமே கழுவக் கூடாதா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"தாராளமா கழுவுங்க. பானட்டை மட்டும் திறக்காதீங்க. உள்ள தூசி இருந்தா துணியால துடைச்சா போதும்."

கண்ணாடிக்காரர் தன் காருக்கு ஓடிப்போய், கடைக்கு வாங்கி வைத்திருந்த கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணிகளில் ஒரு கட்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். "கீறல் விழாது. தீர்ந்தா சொல்லுங்க."

இருந்தாலும் மருந்துக்கடைப் பெண்ணின் கண்ணில் இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பாலத்தை அவளால் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. அதைக் கவனித்தது டீச்சர். பட்டியல் எழுதும் நோட்டைக் கண்ணாடிக்காரரிடமிருந்து பிடுங்கி, ஒரு புதுப் பக்கத்தில் கோடு போட்டார். "உனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும், நீ போற ஒவ்வொரு நாளும் எங்கள்ல ஒரு ஆள் உன் பின்னாடி ஆஸ்பத்திரி வரைக்கும் வருவோம். உன்னோட வண்டி நின்னா எங்க வண்டியில ஏறிக்கோ. யார் யாரு எந்த நாள், சொல்லுங்கப்பா." எழுதி முடிக்கும்போது இரண்டு மாதத்துக்கு நாள் நிரம்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை கழுவிய பிறகு வரும் முதல் புதன்தான் உண்மையான பரீட்சை. அந்த நாளுக்கு முதல் ஆளாகக் கை தூக்கியவர் புழுதி.

"ஐயோ, நின்னா நாய் முடியோடயா நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றார் கிரேன்காரர்.

"அப்ப நிக்காம போங்க" என்றார் புழுதி.

அவள் சிரித்தாள். பிறகு கண்ணாடிக்காரரிடம் வந்து சற்றுத் தயங்கி நின்றாள். "வெள்ளிக்கிழமை நான் வரிசையில வெச்சுப் பேசிட்டேன் அண்ணே."

"நானும் வரிசையிலதானேம்மா வந்தேன்" என்றார் அவர். "போகும்போது என் கடை வழியாத்தானே போவே? ஒரு ஹாரன் குடுத்துட்டுப் போ."

திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்காரர் பின்னால் போய்வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அன்று மதியம் அவள் விடுதிக்குப் போன் செய்து, ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். வண்டி நிற்காது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்துவிடவில்லை. நின்றால் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் கணவர் வண்டியைக் கழுவினார். பானட் மூடியிருந்தது.

புதன்கிழமை கண்ணாடிக்காரர் ஐந்தரைக்கே கடைக்கு வந்துவிட்டார். கூடவே மனைவியும் வந்தாள். கேட்டதற்கு, "தள்ள வேண்டியிருந்தா ஆள் வேணுமே" என்றாள். காலில் பழைய செருப்பு. அவர் ஷட்டர் முன் நின்று கண்மூடினார். வழக்கமான பிரார்த்தனை இந்த முறை தடங்கலில்லாமல் முடிந்தது. முடிந்த பிறகும் கண்ணைத் திறக்காமல் நின்றார்.

தெருமுனையில் இரண்டு ஹாரன் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அந்தச் சின்னக் கார், துடைத்துவைத்த கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு, கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு மெல்லிய துணி வெளியே நீண்டு ஆடியது. அதன் பின்னால், சரியாக இரண்டு வண்டித் தூரம் விட்டு, புழுதியின் அழுக்குக் கார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய நாய் காற்றில் காதுகள் பறக்க, தான்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பதுபோல் முன்னால் போகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டும் திருப்பத்தில் மறையும்வரை அவர்கள் நின்றார்கள். பிறகு கண்ணாடிக்காரர் ஷட்டரைத் தூக்கி, மேசையில் உட்கார்ந்து, புதுப் பட்டியலை எழுதத் தொடங்கினார். முதல் வரியில் தன் வண்டி. கடைசிக் கட்டத்தில் 'மூன்று' என்று எழுத்தால் எழுதினார். பதினைந்தாவது வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தார். ஆறு இருபத்தைந்துக்கு அது ஒலித்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க சொல்றா?"

"வந்து சேர்ந்துட்டோம்னு சொல்றா."

அவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினார்: 'நான்கு முறை. வளையம் மாற்றிய பிறகு, இன்றுவரை இல்லை.'